ஏழாம் எண் இயந்திரத்தில் ஒரு மஞ்சள் சிவப்புக் கறை

1

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் காலை. வேலைக்குப் போய்க் குளிர்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. கணினியைத் திறந்தால் என் பெயரில் ஒரு குறைபாட்டு அறிக்கை காத்துக்கொண்டிருக்கிறது.

“கீழ்த்தளம். காற்று இயந்திரம், எண் ஏழு. முன்கதவில் கண் உயரத்தில் மஞ்சள் நிறக் கறை, அதன் நடுவில் சிவப்பு. அகலம் இரண்டு சென்டிமீட்டர். காரணம் தெரியவில்லை. துருவா, ரசாயனக் கசிவா என்று பரிசோதித்து விளக்கம் தரவும். பொறுப்பு: திருமதி பெரியகருப்பன்.”

கூடவே ஒரு புகைப்படம். பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எடுத்திருக்கிறார் எங்கள் ஆய்வாளர் யூர்கன். எறும்பு ஊர்ந்தாலும் அது எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைக்கிற மனிதர்.

அட கிறுக்கு மனுசா, அது கசிவு இல்லய்யா, பொட்டு! எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். சிரித்து முடித்த பிறகுதான் யோசனை வந்தது. இந்த நாட்டில் ஒரு குறைபாடு பதிவாகிவிட்டால் பதினாலு நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பொட்டுக்கு எப்படி ஜெர்மனில் விளக்கம் எழுதுவது?

பெரியகருப்பன் எங்கள் அப்பா பெயர். இங்கே அதுதான் எனக்குக் குடும்பப் பெயர். வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன அவரை ஒருநாளும் யாரும் மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை. இங்கே ஒரு நாளைக்கு இருபது தடவை “ஃப்ராவ் பெரியகருப்பன்” என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஒரு மிதப்பு வரும். அதை நான் மறைப்பதில்லை.

ஆனால் பொட்டை மறைத்திருக்கிறேன். வந்த முதல் வருடத்திலிருந்தே ஆயுத பூஜையன்று கீழ்த்தளத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மருத்துவமனைக் கட்டடத்துக்குக் காற்று அனுப்புகிற இயந்திரங்களில் ஒன்றே ஒன்றுக்கு, ஏழாம் எண்ணுக்கு, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மறுநாள் காலை முதல் வேலையாக ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். பதினேழு வருடம் இப்படித்தான். இந்த வருடம் துடைக்கவில்லை. மறந்துபோனதால் அல்ல, துடைக்க மனசு வரவில்லை. காரணம், போன வருடம் மதுரையில் நடந்த ஒரு காரியம். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான் வேலை பார்க்கும் மருத்துவமனை வட ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறது. அதற்கு இரண்டு உடம்பு. ஒன்று செங்கல்லும் கண்ணாடியுமாக வெளியே நிற்கிறது. இன்னொன்று கணினிக்குள் இருக்கிறது. டிஜிட்டல் மாடல் என்கிறோம். திரையில் கட்டடத்தைச் சுழற்றலாம், கூரையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம், சுவருக்குப் பின்னால் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம். எந்தப் பம்ப்பைத் தொட்டாலும் அதன் ஜாதகம் வரும். எப்போது பொருத்தினார்கள், கடைசியாக யார் கைவைத்தார்கள், அடுத்து எந்தத் தேதியில் பார்க்க வேண்டும், எல்லாம்.

கெட்டுப்போன பிறகு ஓடுவது என் வேலை இல்லை. கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நான் ஒழுங்காக உழைத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதனாலேயே யாரும் பாராட்ட மாட்டார்கள். நடக்காத ஒன்றைக் காட்டி சபாஷ் வாங்க முடியுமா?

இந்த நாற்காலிக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. மதுரையில் வாங்கிய இஞ்சினியரிங் பட்டம் நிஜமானதுதானா என்று சரிபார்க்க இங்குள்ள அலுவலகத்துக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, இன்னொன்றில் பின்னால் இருக்கிறது, ஆகவே இவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள் என்று கடிதம் அனுப்பினார்கள். அந்த இரண்டு வருடமும் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்று வடிகட்டி மாற்றினேன். பாஷை தெரியாமல் பட்ட பாடு தனி. முதல் கூட்டத்தில், அறை புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து இங்கே எழுதக் கூசுகிற ஒன்றைச் சொல்லிவிட்டேன். மேலதிகாரி மூக்கைச் சிந்துகிற மாதிரி கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது என் தப்புகளைத் திருத்த வீட்டிலேயே ஆள் இருக்கிறது. மகள் யாழினி, பதினாறு வயது. சாப்பாட்டு மேசையில் நான் ஒரு ஜெர்மன் வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அதில் மூன்று பிழை சொல்வாள். அவள் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு நின்றுவிட்டது. வரவர அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. ஊரிலிருந்து போன் வந்தால் “ஹலோ மாமா” என்று ஒரு வார்த்தை, அப்புறம் காதில் ஹெட்போன். ஒருமுறை என் வற்புறுத்தலுக்காக, மதுரையில் இருக்கிற என் அண்ணனிடம், “மாமா, நீங்கள் இப்போது எங்கே வாழ்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

“எங்கத்தா வாழ்றேன்? ஆஸ்பத்திரி அண்டர்கிரவுண்டுலதான் வாழ்றேன்” என்றார் அண்ணன். அவருக்கு அது பொய்யும் இல்லை.

3

அண்ணன் முருகேசன் மாட்டுத்தாவணியைத் தாண்டி இருக்கிற ஒரு தாய் சேய் மருத்துவமனையில் பராமரிப்பு சூப்பர்வைசர். ஐந்து மாடி. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அங்கே இருக்கிறார். அவர் ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, நானும் ஒருநாளும் மறந்ததில்லை.

நாங்கள் வளர்ந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது. பூட்டி வைக்கும்படி உள்ளே ஒன்றும் இருந்ததில்லை. அண்ணன் முதன்முதலாக மருத்துவமனைச் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா அதைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார். “அம்புட்டுக் கதவுக்கும் நீதான் பொறுப்பாடா?” என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கொடுக்காமல் வைத்திருந்தார்.

போன வருடம் ஆவணி மாதம், எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவருக்கு மாலை. போன் வந்தது.

“ஏத்தா ராணி, உங்க ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கட்டடம் இருக்குன்னு சொல்லுவியே, அது எங்களுக்கும் வந்துருச்சு.”

“நல்லதுதானண்ணே?”

“என்னா நல்லது! அதோட சேத்து எங்கள வெளிய அனுப்புற பேச்சும்ல வந்துருக்கு.”

விஷயம் இதுதான். கட்டடம் கட்டும்போதே ஆர்க்கிடெக்ட் ஒரு டிஜிட்டல் மாடல் செய்து கொடுத்திருக்கிறார். நாலு வருடமாக அது பீரோவில் தூங்கியது. இப்போது வெளியூர் கம்பெனி ஒன்று வந்து, இந்த மாடலை வைத்து எல்லா இயந்திரத்துக்கும் தேதி போட்டு நாங்களே பராமரிக்கிறோம், உங்கள் ஆட்கள் கெட்டுப்போன பிறகு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், அவர்கள் எதற்கு என்று சொல்லியிருக்கிறது. அண்ணனும் அவருக்குக் கீழே இருக்கிற எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அண்ணன் நேராகப் பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றிருக்கிறார். மருத்துவமனையே அந்த அம்மாவுடையது. “எங்களுக்கும் ஒரு தடவ விட்டுப் பாருங்கம்மா” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா யோசித்துவிட்டு ஒன்றரை மாதம் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு பரீட்சை. மாடலிலிருந்து அவர் பத்துப் பொருளைச் சொல்வார். கம்பெனி ஆளும் அண்ணனும் நேரே போய் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, அடுத்து எப்போது என்று சொல்ல வேண்டும். தோற்றால் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

“நீ அங்கிட்டு இதத்தான பாத்துக்கிட்டு இருக்க? ஒரு கை குடு ஆத்தா.”

அண்ணன் என்னிடம் கேட்ட முதல் உதவி. “விடுண்ணே, அவய்ங்களா நாமளான்னு ஒரு கை பாத்துருவோம்” என்றேன். சபதமெல்லாம் போட்டாயிற்று.

4

மாடலை அனுப்பச் சொல்லி வாங்கினேன். அழகான மாடல். ஐந்து நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, அட்டவணை தயாரித்து, எதை எந்த வாரம் பார்க்க வேண்டும் என்று பிரித்து அனுப்பினேன். யூர்கன் பார்த்தால்கூடக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு திமிர் எனக்கு.

மறுநாள் மதியம் வீடியோ அழைப்பு. போனைப் பிடித்திருந்தது பாண்டி. ஏ.சி. மெக்கானிக், அண்ணனுக்கு வலது கை.

“யக்கா, நீங்க அட்டவணையில மொதல்ல போட்டுருக்க தண்ணி பம்புக்கு வந்துருக்கோம். பம்பக் காணோம்.”

“அப்ப அங்க என்ன இருக்கு?”

“புள்ளையாரு இருக்காரு.”

கேமராவைத் திருப்பினான். அருகம்புல் மாலையோடு, விளக்கெரிய, கருங்கல் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். மாடலில் அதே இடத்தில் இரண்டு பம்ப்.

நடந்தது என்னவென்றால், வரைபடம், மாடல் எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். தண்ணீர் ஈசானி மூலையில்தான் இருக்க வேண்டும், கன்னி மூலையில் பிள்ளையார் இருக்க வேண்டும் என்று அவர் சொல்ல, பம்ப் அறை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துவிட்டது. அதோடு விட்டாரா? படிக்கட்டில் ஒரு படியைக் கூட்டி, கதவைத் திருப்பி, குழாய் இறங்குகிற வழியையே மாற்றிவிட்டார். கொத்தனார் சொன்னபடி கட்டினார். கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ஏண்ணே, ஒரு கட்டடத்தக் கட்டிப்புட்டு அது எங்க இருக்குன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“கத்தாதத்தா. புள்ளையாரு பயந்துருவாரு.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது. இங்கே ஜெர்மனியில் எந்த மாடலையும் நேரில் போய்ச் சரிபார்க்காமல் நான் தொடவே மாட்டேன். சொந்த ஊர்க் கட்டடத்தை மட்டும் படத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன். அந்தக் கட்டடத்தோடு வளர்ந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. படித்த கொழுப்பு, வேறென்ன?

5

இனி ஐந்து மாடியையும் அளந்து புது மாடல் போட நாள் இல்லை. “உங்ககிட்ட ஒரு லிஸ்ட்டுகூடவா இல்ல?” என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார். “எழுதுன லிஸ்ட்டு இல்லத்தா. ஆனா வருசா வருசம் பொட்டு வைக்கிறோம்ல?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் ஒன்பது பேரும் துணியும் வாளியுமாகக் கிளம்புவார்கள். ஈசானி மூலைப் பம்ப்பில் ஆரம்பித்து மொட்டைமாடி லிஃப்ட் மோட்டாரில் முடிப்பார்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூ வைப்பார்கள். ஒன்று விட்டுப்போனாலும் அது வருடம் முழுக்க மக்கர் பண்ணும் என்பது பாண்டியின் சாஸ்திரம். ஆகவே ஒன்றையும் விடமாட்டார்கள். குங்குமம் உதிர்ந்தாலும் பெயிண்டில் அந்தக் கறை போகாது. வருடத்துக்கு வருடம் அதன்மேலேயே அடுத்த பொட்டு. கட்டடத்தில் நிஜமாக என்னென்ன இருக்கிறது என்பதற்கு இதைவிட நம்பகமான கணக்கெடுப்பு வேறு எங்கே இருக்கிறது!

“அண்ணே, பொட்டு இருக்கிறத எல்லாத்தையும் போட்டோ எடுங்க. எந்த மாடி, எந்த ரூமுன்னு சொல்லி அனுப்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

மூன்று வாரம். மோட்டாரில் பொட்டு, ஜெனரேட்டரில் பொட்டு, ஆக்சிஜன் வால்வில் பொட்டு, பழைய ஸ்டெரிலைசரில் பொட்டு என்று என் போன் பூஜை அறையாகிவிட்டது. மதிய இடைவேளையில் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் மவுஸுமாக, மாடலில் ஒவ்வொன்றையும் அது நிஜமாக இருக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். அவர்கள் அங்கே ஒவ்வொரு பொட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். போனைக் காட்டினால் போதும், அதன் ஜாதகம் திறக்கும். எந்த பெல்ட்டை எப்போது மாற்றினோம், எந்தத் தொட்டியை எப்போது கழுவினோம் என்று ஒன்பது பேரும் மூளையில் வைத்திருந்ததையெல்லாம் அண்ணன் சொல்லச்சொல்ல ஏற்றினேன். அந்த மனிதருக்கு ஒரு தேதி தப்பவில்லை. “அழகர் ஆத்துல எறங்குனதுக்கு மறுநா மாத்துனது” என்பார். பில்லை எடுத்துப் பார்த்தால் அதே நாள் இருக்கும்.

பொட்டு இருந்து மாடலில் இல்லாதவற்றைச் சேர்த்தேன். அப்புறம் மாடலில் இருந்து பொட்டு இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவை வாங்காமலே விட்டவை, அழித்துவிட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. இரண்டாம் மாடி, பச்சிளங்குழந்தைகள் வார்டு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு குளிரூட்டும் யூனிட்.

6

“அங்கன ஒண்ணும் இல்லக்கா, வெறும் சீலிங்குதான்” என்றான் பாண்டி.

அண்ணன் முகம் மாறியதை நான் திரையில் பார்த்தேன். “பாண்டி, அந்த எடத்துலதானடா நாம மூணு தடவ பெயிண்ட் அடிச்சோம்?”

சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்திருக்கிறது. மேல்மாடிக் குளியலறை ஈரம் என்று நினைத்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். மறுபடி வந்திருக்கிறது. மறுபடி அடித்திருக்கிறார்கள்.

வார்டு நர்ஸம்மாவிடம், ஏ.சி. கழுவ வேண்டும், அரை நாள் போதும் என்று சொல்லிக் குழந்தைகளைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டுப் பலகையை அறுத்தார்கள். நான் இங்கே சாப்பாட்டு அறையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யூனிட் இருந்தது. நாலு வருடமாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் சதுரமாக ஒரு கதவு தெரிந்தால் நன்றாக இருக்காது என்று சீலிங் வேலைக்காரர்கள் அதை மூடி மழமழவென்று பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீர் வடிகிற குழாய் பாசி பிடித்து அடைத்துவிட்டது. தட்டு விளிம்பு வரைக்கும் தண்ணீர். பலகை ஊறி, தொட்டால் உதிர்கிற பதம். நேர் கீழே, குழந்தைகளின் இன்குபேட்டர்களுக்குக் கரண்ட் போகிற பெட்டி.

பாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ராணி, கீழ பச்சப்புள்ளைகத்தா” என்றார்.

அன்றைக்கே குழாயைச் சுத்தம் செய்து, தட்டைக் கழுவி, பலகையை மாற்றி, திறந்து மூடும்படி ஒரு கதவும் வைத்துவிட்டார்கள். அடுத்து அதை மாடலில் ஏற்ற வேண்டும். அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை.

“கழுவுன தேதிய மட்டும் போடுவோம்ணே. நாலு வருசம் பாக்கலன்னு நம்ம வாயாலயே எழுதிக் குடுத்தா, அந்தம்மா அன்னைக்கே சாவிய வாங்கிருவாக. உன்னய நம்பி எட்டுக் குடும்பம் இருக்கு.”

“நடந்தத நடந்தபடி போடுத்தா.”

“உனக்கென்ன கிறுக்கா பிடிச்சுருக்கு? யாருக்குண்ணே தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாமத்தான் மூணு தடவ பெயிண்ட் அடிச்சோம். இம்புட்டுத் தூரம் வந்துருச்சு. நாலாவதா ஒரு பெயிண்ட் அடிக்கச் சொல்றியா?”

இத்தனை வருடமாக ஆவணம், பதிவு, உண்மைத்தன்மை என்று வெள்ளைக்காரர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். என் அண்ணன் என்று வந்ததும் மூடி மறைக்கச் சொல்கிறேன்! அவர் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். “நாலு வருடமாக யாரும் பார்க்கவில்லை. கறையைக் கண்டும் காரணம் தேடாமல் மூன்று முறை பெயிண்ட் அடித்தோம். எங்கள் தவறு.” சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.

7

பரீட்சை நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். இங்கே பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை, யாழினியும் வீட்டில் இருந்தாள். பாண்டி தன் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரிய போனை வைத்துக்கொண்டான். அந்தச் சட்டைப் பை வழியாகத்தான் நாங்கள் எல்லாம் பார்த்தோம். முதலில் தெரிந்தது பெரிய டாக்டரம்மாவின் மேசை. அதன்மேல் அண்ணனின் சாவிக்கொத்து. காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“மொதல்ல, தண்ணி பம்ப்” என்றார் டாக்டரம்மா.

கம்பெனியிலிருந்து வந்தவர் டேப்லெட்டைப் பார்த்தபடி விறுவிறுவென்று நடந்தார். கன்னி மூலைக்குத்தான். பாண்டியும் பின்னாலேயே போனான், அவனுக்கு வேடிக்கை பார்க்காமல் முடியுமா? அந்த மனிதர் டேப்லெட்டைப் பார்க்கிறார், பிள்ளையாரைப் பார்க்கிறார், மறுபடி டேப்லெட்டைப் பார்க்கிறார். நல்ல பிள்ளை, கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாழினி சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். ஹெட்போன் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. அதே நேரத்தில் அண்ணன் ஈசானி மூலையில் பொட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டிக்கரில் போனைக் காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்து ஜெனரேட்டர், தீயணைப்பு வால்வு, நாலாம் மாடி மின்பெட்டி. அண்ணன் எதற்கும் ஓடவில்லை. நேராக நடந்து போய்த் தொட்டார், தேதி சொன்னார். ஒன்பது முடிந்தபோது கம்பெனிக்காரருக்கு அதில் மூன்றுதான் கிடைத்திருந்தன.

பத்தாவதை டாக்டரம்மா மாடலிலிருந்து எடுக்கவில்லை. டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “முருகேசன், இந்தக் கட்டடத்துலயே உங்களுக்கு ரொம்ப மோசமாப் பட்டது எது?”

“ஐயோ, சொல்லாதண்ணே” என்று நான் இங்கே இருந்து முனகினேன். பாண்டியின் சட்டைப் பைக்குள் என் குரல் யாருக்குக் கேட்கும்?

அண்ணன் இரண்டாம் மாடிக்கு நடந்தார். புதுக் கதவின்மேல் இருந்த ஸ்டிக்கரில் போனைக் காட்டி அந்த அம்மாவிடம் நீட்டினார். டாக்டரம்மா அந்த மூன்று வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்தார்.

“பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு?”

“நாந்தாம்மா.”

அந்த அம்மா சீலிங்கையே பார்த்தார். கீழே மின்பெட்டியைப் பார்த்தார். அதற்கப்புறம் இன்குபேட்டர்களைப் பார்த்தார். கம்பெனிக்காரரிடம் திரும்பி, “உங்க அட்டவணையில இந்த யூனிட் எப்படி இருக்குன்னு போட்டுருக்கீங்க?” என்று கேட்டார்.

அவர் தேடி எடுத்துப் படித்தார். “நல்ல நிலையில் உள்ளது.”

“பாக்காமலே நல்லாருக்குன்னு எழுதுறவங்க எனக்கு எதுக்கு? தப்புப் பண்ணுனேன்னு எழுதிவச்ச ஆளு இருக்காரே, அவரு போதும். முருகேசன், கீழ வந்து சாவிய எடுத்துக்கங்க. இனிமே எங்கயாவது கறை தெரிஞ்சா பெயிண்ட் டப்பாவத் தொடக் கூடாது.”

ஜெயித்தோம்! நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கிழவர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார். தட்டட்டும். அங்கே ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டதில் எங்கள் திரையில் சட்டைத் துணி மட்டும்தான் தெரிந்தது. பிறகு அண்ணனின் முகம் வந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சாவிக்கொத்தைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்.

“மாமா அழுகிறாரா?” என்று கேட்டாள் யாழினி.

“ஆமாடி. நானும்தான்.”

அந்த வருடம் அங்கே பொட்டு வைக்கிற வழக்கத்தில் ஒரு விதி சேர்ந்தது. சர்வீஸ் பார்த்து, மாடலில் ஏற்றிய பிறகுதான் பொட்டு. கடைசிப் பொட்டு இரண்டாம் மாடி சீலிங் யூனிட்டுக்கு. அண்ணன் ஏணியில் ஏறி வைத்தார். நான் பார்த்தேன்.

8

இப்போது யூர்கனுக்கு வருகிறேன். பதில் எழுத வேண்டுமே. மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். “ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். அது ஆபத்தில்லாத ஒரு பொடி. நாளை காலை சுத்தம் செய்துவிடுகிறேன். இனி இப்படி நடக்காது.” பிழை பார்க்கச் சொல்லி யாழினியிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“அம்மா, இது பிழை.”

“எந்த வார்த்தை?”

“எல்லா வார்த்தையும். நீ ஏன் மன்னிப்புக் கேக்குற? மாமா பெயிண்ட் அடிக்க வேண்டாம்னு சொன்னாரே. நீ இப்ப பெயிண்ட் அடிக்கிற.”

அவள் தமிழில்தான் சொன்னாள். இலக்கணம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து எல்லாவற்றையும் அழித்தாள். “என்ன அது? நீ சொல்லு, நான் எழுதுறேன்” என்றாள். நான் சொன்னேன். வருடத்துக்கு ஒரு நாள், நமக்காக உழைக்கிற இயந்திரத்தைச் சுத்தம் செய்து, நன்றி சொல்லி, அதன் அடையாளமாகச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் என்றேன். அவள் அதை யூர்கன் ஒத்துக்கொள்கிற ஜெர்மனில் எழுதினாள். கடைசி வரி அவளே சேர்த்தது.

“கறை அல்ல. ஆண்டுப் பராமரிப்பு முடிந்ததன் அடையாளம். அழிக்க வேண்டாம்.”

அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை யூர்கன் என் மேசைக்கு நேராக வந்தார். கையில் என் பதிலின் அச்சுப் பிரதி. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“ஃப்ராவ் பெரியகருப்பன், உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். குறைபாட்டை முடித்துவிட்டேன்” என்றார். “ஆனால் ஒரு கேள்வி. கீழே போய்ப் பார்த்தேன். எட்டாம் எண்ணில் இந்த அடையாளம் இல்லை. ஒன்பதிலும் இல்லை. அவற்றுக்கு இந்த ஆண்டுப் பராமரிப்பு நடக்கவில்லையா?”

“நடந்தது, அடையாளம்தான் விட்டுப்போயிற்று” என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து சந்தனத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு நடந்தேன். மொத்தம் பதினாலு இயந்திரம். விடுபட்ட பதின்மூன்றுக்கும் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க வைத்தேன். யூர்கன் அளவுகோலோடு கூடவே வந்தார், எல்லாப் பொட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமாம்.